எண் ஒட்டிய குழாய்

ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கிறவர் முனிவேல். பால்வினை நோய்க்கு வரும் ஆம்பளைகளுக்கு அவர் என்றால் உதறல். "வெக்கப்பட்டுட்டு கர்நாடகா பார்டர் தாண்டி ஓடாதீங்கய்யா! வெக்கமா உசுரக் காப்பாத்தும்?" என்று கம்பெனிச் சட்டையோடு நிற்பவனை நிற்க வைத்தே வறுத்தெடுப்பார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன்தான். வாய்தான் அப்படி.

அரசாங்கம் எச்.ஐ.வி. கணக்கெடுக்கும் மாதங்களில் மிடுக்கு இன்னும் கூடிவிடும். சிகிச்சைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை வேறு குழாயில் ஊற்றி, பேரை நீக்கி, வெறும் எண் ஒட்டி எச்.ஐ.வி. சோதனைக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு என்பதல்ல, எத்தனை பேருக்கு என்பதே கேள்வி. "சாமியே வந்து கேட்டாலும் இது யார் ரத்தம்னு சொல்ல முடியாது" என்று மார்தட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படி எண் ஒட்டிய கண்ணாடிக் குழாய் கையிலேயே உடைந்து, கையுறையைக் கிழித்து விரலில் ஏறியது. யார் ரத்தமோ! உடனே தடுப்பு மாத்திரை போட வேண்டும். மூணு நாள் தாண்டினால் பிரயோஜனமில்லை. அவருக்குத் தெரியாதா? மாத்திரை, எச்.ஐ.வி. நோயாளிகள் வரிசையில் நிற்கும் எதிர் அறையிலேயே இருந்தது. அந்த அறை வாசலில் நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கண்ணாடி கிழித்தது என்றால் எவன் நம்புவான்? பொண்டாட்டி ரஞ்சிதா காதுக்குப் போனால்? ஊருக்குத்தானே உபதேசம்! ரெண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, வியாழக்கிழமை காலை பஸ் ஏறி பார்டருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்.

"ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டார் டாக்டரம்மா.

உண்மையைச் சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்பார், போன் போடுவார். முனிவேல் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு பொண்ணுகிட்ட போயிட்டேன், டாக்டர்" என்றார். பத்தொன்பது வருஷமாகப் பெண்டாட்டியைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன், செய்யாத தப்புக்கு அரை மணி நேரம் புத்திமதி வாங்கினார்.

மாத்திரையோடு வெளியே வந்தால் பெஞ்சில் ராமப்பன். போன வருஷம் முனிவேலிடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த லேத் மிஷின்காரன். மாத்திரை டப்பாவையே பார்த்தான்.

"ஐயோ, நீ நெனைக்கிற மாதிரி இல்லப்பா! கண்ணாடி கிழிச்சிருச்சு, சத்தியமா!"

"சரிங்க சார்" என்று ராமப்பன் நகர்ந்து இடம் கொடுத்தான். "நானும் அன்னிக்கு சலூன் பிளேடு கீறிருச்சுன்னு சத்தியம் பண்ணேன். எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. அதுலேர்ந்துதான் சார் இங்க வர்றேன்."