திருவுளச்சீட்டில் வந்த பட்டப்படிப்பு

இன்று காலை, ஆதார் அட்டையைத் திருத்துவதற்காக ஆரணிக் கடைத்தெருவிலுள்ள கணினி மையத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு நெசவாளர், தம் மகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தார்.

திரையில் கல்லூரிகளின் பெயர்களும், ஒவ்வொன்றின் கீழும் பாடங்களும் நீண்டுகொண்டே போயின. மகள் இயற்பியலின் மேல் விரலை வைத்தாள்.

"மனையியல் போடுப்பா," என்றார் தந்தை, கணினி முன் இருந்தவரிடம். "படவேட்டு அம்மன் முன்னால சீட்டு போட்டுப் பாத்தாச்சு. ஆத்தா குடுத்தது."

"பிசிக்ஸ்ல நான் நூத்துக்கு நூறு, நைனா."

"மாமியார் வூட்டுல வானத்தயா அளக்கப் போற? அரிசியத்தான் அளக்கணும்."

வரிசையில் நின்ற அனைவரும் சிரித்தார்கள்.

என் நெற்றித் திருநீற்றைக் கண்டோ என்னவோ, அவள் என் பக்கம் திரும்பினாள். குங்குமம் படிந்த மூன்று சீட்டுகளை நீட்டினாள்.

"எடுக்காம வுட்ட சீட்டுங்க, ஐயா. தட்டுலேந்து எடுத்துகினு வந்துட்டேன். நீங்களே பிரிச்சுப் படிங்க."

உரக்கப் படித்தேன். மனையியல். மனையியல். மனையியல்.

தந்தை தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன்.

"பொண்ணு கொழம்பிடக் கூடாதுன்னுதாங்க," என்று என்னிடம் பணிவாகச் சொன்னார். பிறகு கணினி முன் இருந்தவரிடம், "ஜல்தி அனுப்புப்பா," என்றார்.

விண்ணப்பம் போய்விட்டது.

தெய்வத்திடம் கேள்வி கேட்கும் அடியார்கள் பலரைக் கண்டிருக்கிறேன். விடையைத் தாமே எழுதிக்கொடுத்து, அம்பிகையிடம் கையொப்பம் மட்டும் பெற்றுவந்த அடியாரை இன்றுதான் தரிசித்தேன்.

இவரை எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்துக்குப் பேராசிரியராக அமர்த்தலாம்? நண்பர்கள் பரிந்துரைக்கலாம்.