புடவை மடிப்பில் பதினெட்டுப் பொட்டலம்

மேசைமேல் பதினெட்டுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். செய்தித்தாளில் மடித்துப் பட்டு நூலால் கட்டியவை. கட்டியது என் கை. எதிரே சீருடை போட்ட இரண்டு பேர். சுவரில் ஒரு பெரிய படம்: ஊசி, மாத்திரை, வெள்ளைப் பொடி, பக்கத்திலேயே கைவிலங்கு. அதிலிருந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. படம் நன்றாகவே புரிந்தது.

படவேட்டுக் கோயில் அம்மாவை நம்பி வாழ்கிற சொந்தங்களே, எனக்கு நடந்ததை உங்களிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரணிக்காரன். பட்டுப் புடவை வியாபாரம். வீட்டிலேயே தறி ஓடுகிறது. நாற்பத்து மூன்று வயதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். போன ஆவணியில், வியட்நாமில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் எங்கள் புடவைப் படங்களைப் பார்த்துவிட்டு, மாதிரிகளோடு நேரில் வரச் சொன்னார். பட்டு வாங்கி அங்கியாகத் தைத்து விற்கிறாராம். அந்த நாட்டில் எனக்கு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

யோசனை சொல்லத்தான் ஆளுக்குக் குறைவில்லை. என் மனைவியின் தம்பி தனசேகர், சேத்துப்பட்டில் இருப்பவன், நாலு நாடு சுற்றியவன். அவன் சொன்னதில் பாதிக்கு மேல் நல்ல யோசனை. பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வேறு பையில் வைக்கணும். தங்கும் இடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளணும். யார் கொடுக்கிற பார்சலையும் கையில் வாங்கக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னான்.

"மாமா, எங்கனா மாட்டிக்கினீங்கன்னா, இது என்னுது இல்ல, மூட்டை கட்டினது வேற ஆளுன்னு சொல்லிடுங்க. ஜல்தியா வுட்ருவாங்க."

சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிய வாடிக்கையாளருக்கு முதல் சரக்கு போகும்போது ஒவ்வொரு புடவையின் உள்மடிப்பிலும் அம்மாவின் திருநீறு ஒரு பொட்டலம் வைப்போம். கிளம்புவதற்கு முந்தின நாள் நானும் என் மனைவி மல்லிகாவும் உட்கார்ந்து அதைத்தான் கட்டினோம். "நல்லா உள்ள தள்ளி வைங்க, பிரிக்கசொல்ல கொட்டிடப் போவுது" என்றாள் மல்லிகா. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளி வைத்தேன்.

காலையில் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இளவயது அதிகாரி ஒருவர் தன் போனில் ஏதோ பேசி என் பக்கம் நீட்டினார். அந்தப் போன் தமிழில் கேட்டது: "துணிகளின் உள்ளே வேறு பொருள் ஏதேனும் வைத்துள்ளீர்களா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். சத்தியமாக எனக்கு அது பொய்யாகப் படவில்லை. திருநீறு ஒரு பொருள் என்று நம்மில் யார் நினைக்கிறோம்? முந்தானை மாதிரி அதுவும் புடவையோடு சேர்ந்தது என்றுதான் இருந்தேன்.

அவர் ஒரு புடவையைத் தடவிப் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. உள்ளே கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டாவது புடவையிலும் ஒன்று. மூன்றாவதிலும் ஒன்று. அதுவரை சிரித்த முகமாக இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளித்துக் கடத்துகிறவன் எப்படிச் செய்வானோ, இம்மி பிசகாமல் அப்படியே செய்து வைத்திருக்கிறேன். செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். "கோயில் திருநீறு" என்றேன். அவர்கள் போனுக்கு அது விளங்கவில்லை. "சாம்பல்" என்றேன். அது விளங்கியது. உடனே திருப்பிக் கேட்டது: "எதனுடைய சாம்பல்? மனிதருடையதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை என்று தலையைத் தலையை ஆட்டினேன். அடுத்த கேள்வி வந்தது. "இவற்றை வேறு யாராவது உங்கள் பெட்டியில் வைத்தார்களா?"

தனசேகர் சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. வேறு யாரோ கட்டினார்கள் என்று ஒரு வார்த்தை போதும். யார் என்று கேட்பார்கள். என்னோடு உட்கார்ந்து கட்டியவள் மல்லிகா. அவள் பெயரைத்தான் சொல்ல வேண்டும். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அதையும் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பதினாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த அறையில் அதிகாரிகளைவிட எனக்கு என்னைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "அம்மா, என் வாயில பொய் வராம பார்த்துக்கோ. எனக்கு இவங்க பாஷை தெரியாது. நீயே வந்து சொல்லும்மா" என்று மட்டும் கேட்டேன். கண்ணைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து, "என்னுது. நான்தான் வெச்சேன்" என்றேன். போன் அதை அவர்கள் மொழியில் சொன்னது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஒரு பெண் அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். மற்ற இருவரும் சட்டென்று எழுந்தார்கள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் முகத்தையே பார்த்தார். ஊரில் இட்டுக்கொண்டு வந்த திருநீறு என் நெற்றியில் பாதி அழிந்து கிடந்தது. அதையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், ஊதுவத்தி பிடிப்பதுபோல இரண்டு கையையும் சேர்த்து நெற்றிக்கு உயர்த்தி, மூன்று முறை தலை குனிந்து காட்டினார். இதுவா என்று கண்ணால் கேட்டார்.

ஆமாம், ஆமாம் என்று நானும் அதேபோலக் கும்பிட்டேன். அவர்கள் நாட்டிலும் சாமிக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள், கோயிலில் அந்தச் சாம்பலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன். அதற்காக அவர் என்னை அப்படியே விட்டுவிடவில்லை. பொட்டலங்களைச் சோதனைக்கு அனுப்பினார். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து என்னை யாரும் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீரும் வந்தது.

மதியத்துக்கு முன் முடிவு வந்தது. வெறும் சாம்பல். பொட்டலங்களை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். "அடுத்த முறை முதலில் சொல்லுங்கள்" என்றது போன். நான் அந்தப் பெண் அதிகாரியின் காலில் விழப் போனேன். பதறிப் போய்த் தடுத்துவிட்டார். நீயே வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன், வந்துவிட்டாள் என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இதோடு முடியவில்லை. கடைக்குப் போய்ப் புடவைகளை விரித்தேன். பதினெட்டும் கைத்தறி என்று ஏற்கனவே எழுதி அனுப்பியிருந்தேன். அதில் ஆறு விசைத்தறி. பார்த்தால் தெரியாது, தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துத்தான் கலந்திருந்தேன். காலையில் வாயில் பொய் வரக் கூடாது என்று கெஞ்சிவிட்டு, மத்தியானம் எந்த முகத்தோடு சொல்வது? ஆறையும் தனியாக எடுத்து வைத்து உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் ஆறையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, மீதிப் பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் மல்லிகா கேட்டாள். "ஆறு இன்னாத்துக்குத் திரும்பி வந்துச்சி?"

"உண்மைய சொல்லிட்டேன்."

பிறகு அவளை உட்கார வைத்து, அவள் பெயரை நான் சொல்ல நினைத்த அந்த ஒரு நொடியையும் சொன்னேன். அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எம் பேர சொல்லலல்ல, வுடுங்க" என்றாள்.

முதல் தடவையாகத் தொழிலுக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு, பட்டதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், பிறகு ஒருமுறை அந்நியன் கண்ணால் பாருங்கள். நமக்குச் சாமானாகவே தெரியாதது அவர்களுக்குச் சாமான்தான். பிரசாதம் என்றால் கையில் தெரிகிற மாதிரி வைத்து, கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள். வழி அடைத்துப்போனால் அம்மாவைக் கூப்பிடுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். ஆனால் பொய்யைப் பிடித்துக்கொண்டு மட்டும் கூப்பிடாதீர்கள்.

வருகிற மாசியில் மறுபடி போகிறேன். அந்த அம்மாளே கூப்பிட்டிருக்கிறார். சரக்குப் பட்டியலை நானே எழுதினேன். எது கைத்தறி, எது விசைத்தறி என்று தனித்தனியாகப் போட்டு, கடைசி வரியில் 'கோயில் திருநீறு, ஒரு பொட்டலம்' என்று சேர்த்தேன். மல்லிகா அதை வாங்கிப் படித்தாள்.

"இன்னாங்க, அம்மாவையும் பட்டியல்ல ஏத்திட்டீங்க?"

ஏற்றிவிட்டேன். அம்மாவை ஒளித்து வைத்துக் கூட்டிப் போனதுதானே நான் செய்த தப்பு.