ஒரு கை விவசாயம்

மலேசியாவில், பத்து காஜா ஊரின் டயாலிசிஸ் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அந்த அக்காவுடையது. பெயர் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோல் புடைத்திருக்கும். வளையல்கள் எல்லாம் வலது கையில்தான். ஊசி ஏறியதும் வலது கையால் போனை எடுத்து, ஒரு விவசாய கேமைத் திறந்து சோளம் நடுவார். மெஷின் நிற்கும் நேரத்துக்குச் சோளம் சரியாக விளைந்திருக்கும். அறுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தக்காளி நடுவதே இல்லை. அது சீக்கிரம் விளைந்துவிடுமாம், பிறகு சும்மா படுத்துக் கிடக்க வேண்டுமாம்.

“முன்ன கார் ரேஸ்தான் தம்பி விளையாடுவேன். அதுக்கு ரெண்டு கை வேணும். வெவசாயத்துக்கு ஒரு கை போதும்லா.”

என் போனிலும் அந்த கேமை ஏற்றச் சொல்லி, தன் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு தோட்டம் போட்டுக் கொடுத்தார்.

“அறுக்காம விட்டுட்டா காஞ்சிடுமாக்கா?” என்று கேட்டேன்.

“காயாது. நம்ம வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும்.”

ஒரு நாள் பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் ஒரு சீனக் கிழவர் படுத்திருந்தார். நான் நர்ஸிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது ஊசி ஏறியதும் நானும் சோளம்தான் நடுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் அக்காவின் சோளம் முற்றி நிற்கிறது. அடுத்தவர் பயிரை அறுக்க கேம் விடாது. தண்ணீர் மட்டும் ஊற்றலாம். முற்றிய சோளத்துக்குத் தண்ணீர் எதற்கென்று தெரியவில்லை. ஊற்றுகிறேன்.