நான் அழுத்திய பொத்தான்

"2007 ஓகஸ்ட், ஞாயிறு, பிற்பகல் 2.10. தடம் ஈரம். சறுக்கல் தடுப்பு அணைக்கப்பட்டது." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. யார் அணைத்தது என்று நான் எழுதவில்லை.

அலுவிகாரைக்கு வடக்கே ஒரு தனியார் காணியில், வேகமாக ஓட்டிப் பழகத் தார்த் தடம் போட்டிருந்தார்கள். தங்கையின் கணவர் சீலன் தன் புதுக் காரை அங்கே கொண்டுவந்தார். வளைவில் வழுக்கினால் தானாகவே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் சறுக்கல் தடுப்புக் கருவி அதில் இருந்தது. நல்ல ஓட்டுநர்கள் தடத்தில் அதை அணைத்துவிடுவார்கள் என்று நான் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். ஜன்னலுக்குள் கையை நீட்டினேன்.

"இது இருந்தா கார்தான் ஓட்டும் மச்சான். நீங்க சும்மா ஒக்காந்திருப்பீங்க."

"வேணாம் மச்சான், மழ பேஞ்சிருக்கு."

"பயமா? அப்ப தங்கச்சிக்கிட்ட சாவியக் குடுங்க."

அவர் சிரித்தார். நான் அந்தக் கருவியின் பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாவது வளைவில் கார் சுழன்று மரத்தில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்தார்.

"அவரு வேகமாப் போனாரா அண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமா" என்றேன். இன்றும் பிள்ளைகளை அவள் கண்டிப்பது, அவர்களுடைய அப்பாவின் அவசரத்தைச் சொல்லித்தான்.

பிறகு அந்தக் காரின் கைநூலைப் படித்தேன். பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் கருவி முழுதாக அணையுமாம். நிமிடம்வரை குறித்துவைத்த நான், எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்பதைக் குறிக்கவில்லை. காரையும் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். அன்று அந்தக் கருவி உண்மையில் அணைந்திருந்ததா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.