ட்ரெய்லருக்கு வயர் இழுத்த மாதங்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்கார இராணுவத்தார் கொழும்பை விட்டுப் போகத் தொடங்கியபோது, அவர்கள் கழித்துவிட்ட வாகனங்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஓடாத ஜீப், பாதி எரிந்த லொறி, சக்கரம் மட்டும் மிஞ்சிய வண்டி என்று எதை யார் வாங்கினாலும் கடைசியில் அது மருதானைக்கு வந்து சேரும். அங்கே வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் நான் வாகனங்களின் மின்சார வேலை பார்த்தேன். மாலையில் வீட்டுக்குப் போக வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கும்போது கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதுகூட எனக்கு நினைவிருக்காது. அவ்வளவு அலுப்பு. கல்யாணமாகி ஒரு வருடமும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகமாட்டேன் என்று மனைவிக்குச் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஒரு முதலாளி கேட்டார். கொட்டாஞ்சேனையில் சீமெந்தும் ஓடும் விற்பவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், மறுக்க முடியவில்லை. ஏலத்தில் ஒரு ட்ரெய்லர் வாங்கி, தன் லொறியின் பின்னால் கொளுவி, வத்தளைப் பக்கம் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தார். ட்ரெய்லரின் பின்னால் சிவப்பு லைட் இல்லை என்று பொலிஸ் மறித்துவிட்டது. கிழமை நாட்களில் லொறிக்கு ஓய்வில்லை; ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

"பெரிய வேலை இல்லைத் தம்பி. லொறியின்ர பின் லைற் வயரோட ட்ரெய்லர் வயரை முறுக்கிவிட்டாச் சரி" என்றார்.

"அப்பிடி முறுக்கினா, ட்ரெய்லரில ஒரு பிழை வந்தா அது லொறியையும் சேர்த்துக் கொண்டுபோயிடும், முதலாளி."

"லைற் எரிஞ்சாக் காணும். எப்பிடியெண்டாலும் செய்யும்."

லொறியின் வயர்கள் பழையவை. மேலே சுற்றியிருந்த துணி தொட்டால் உதிரும். அவற்றின்மேல் இன்னொரு வண்டியின் சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பற்றரியிலிருந்து ட்ரெய்லருக்கென்றே புது வயர் ஒன்று இழுத்தேன். அதன் தொடக்கத்தில், சாரதியின் ஆசனத்துக்குக் கீழே, தனி பியூஸ் வைத்தேன். பியூஸ் என்பது மெல்லிய கம்பித் துண்டுதான். பின்னால் எங்காவது வயர் இரும்பில் பட்டு மின்சாரம் அளவுமீறி ஓடினால் அது முதலில் எரிந்து அறுந்துவிடும், லொறி தப்பும். மின்சாரம் திரும்பி வரவும், இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இரும்புக் கொளுக்கியை நம்பாமல் இன்னொரு வயர் போட்டேன். கொளுக்கியில் எப்போதும் கிரீஸும் மண்ணும். வேலை முடிந்து லைட் எரிந்தபோது முதலாளி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

லொறிச் சாரதி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம், என்னைவிட மூத்தவர். நான் அவரை நானா என்பேன். அவர்தான் முதலில் கராச்சுக்கு வந்து சொன்னார்.

"தம்பி, கடையில நிக்கிற நேரம் லைற் நல்லா எரியுது. பொழுதுபடச் சாமானோட வத்தளைக்குப் போற பாலத்துக்கிட்ட போனா செத்துப் போகுது. பியூஸ் எரிஞ்சி ஈக்குது."

அடுத்த ஞாயிறும் போனேன். ட்ரெய்லர் முற்றத்தில் வெறுமையாக நின்றது. வயரை நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் தெரியவில்லை. லைட் எரிந்தது. வண்டியைக் குலுக்கினோம், அப்போதும் எரிந்தது. புதிய பியூஸ் போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமையே அது எரிந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு பல்பு பொருத்தும் கூட்டையே மாற்றினேன். மறுபடியும் பியூஸ் எரிந்தது.

"இந்த ஞாயிறும் போகப்போறியளே?" என்று மனைவி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து அவளே களைத்துப் போனவள்போல இருந்தது அந்தக் குரல். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நானா சேர்ட் பையில் பியூஸ்களைக் கொண்டு திரிந்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பாலத்தடியில் பொலிஸ் நிற்கும். லைட் இல்லாவிட்டால் மறிக்கும். மழையில் இறங்கி, ஆசனத்துக்குக் கீழே கையை விட்டு, தடவித் தடவிப் புதியதைப் போட்டு, கொஞ்சத் தூரம் போக அதுவும் எரியும். வத்தளையில் சாமான் இறக்குபவர்கள் பிந்தி வந்ததற்கு ஏசுவார்கள். திரும்பி வந்தால் முதலாளி ஏசுவார்.

ஒருநாள் காலையில் அந்த லொறியை இன்னொரு லொறி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் கராச்சுக்கு வந்தது. நானா இறங்கினார். இடது கையில் துணி சுற்றியிருந்தது.

"பாலத்துல வெச்சி உள்ளுக்குப் புகை வந்திச்சி தம்பி. பற்றரி வயர இழுத்துப் புடுங்கிட்டேன். ரப்பர் உருகி கையோட ஒட்டிப் போச்சி."

"பியூஸ் எரியேல்லையே?"

அவர் லொறியைப் பார்த்தபடி நின்றார். "பியூஸ் முடிஞ்சி போச்சி. சிகரெட் பெட்டியில ஈக்கிற ஈயத்தாளச் சுத்திட்டேன்."

ஈயத்தாள் எளிதில் எரிந்து அறுவதில்லை. அறுந்திருக்க வேண்டிய இடம் அறாததால் வயர் முழுவதும் கொதித்திருக்கிறது. அதோடு ஒரே வழியில் போன லொறியின் பழைய வயர்களும் கரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கயிறாகக் கிடந்தன. கையிலெடுக்க உதிர்ந்தன.

"ஏன் நானா?" என்றேன்.

"களைச்சிப் போயிட்டேன் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. கோபம் வரவில்லை.

அன்று மாலை ட்ராமில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார்.

"உவனை நாளையிலயிருந்து வரவேண்டாமெண்டு சொல்லப்போறன். ஈயத்தாள் சுத்துறதே? லொறி முழுக்க எரிஞ்சிருந்தா?"

"சுத்தினது பிழைதான். ஆனா பியூஸ் ஏன் திரும்பத் திரும்ப எரிஞ்சதெண்டு எனக்கே இன்னும் தெரியேல்லை. அதைப் பாக்காம அவரை நிப்பாட்டினா, பிறகு வாறவன்ர கையும் வேகும், முதலாளி. ட்ரெய்லரில வழக்கமா ஏத்துற சாமானை ஏத்திக் காட்டுங்கோ."

"லொறியே இல்லை. சும்மா ஏத்தி இறக்கச் சொல்லுறீரே?"

"ஓம். சும்மாதான்."

முணுமுணுத்தார்; ஆனாலும் ஆட்களைக் கூப்பிட்டார். ட்ரெய்லரின் முன்பக்கத்தைக் கட்டையில் நிறுத்தி, சீமெந்து மூடைகளை அடுக்கத் தொடங்கினார்கள். நான் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். சீமெந்துத் தூசி கண்ணில் விழுந்தது. மூடை ஏற ஏற, சட்டத்தைத் தாங்கும் வளைந்த வில்லுத்தகடுகள் நிமிர்ந்துகொண்டு வந்தன. வெறுமையாக நிற்கும்போது சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போகும் இடைவெளி இருந்தது. கடைசி வரிசை ஏறியபோது அந்த இடைவெளியே இல்லை. சட்டம் இறங்கி அச்சின்மேல் குந்தியது. சட்டத்தின் அடியால் போன என் வயர் இரண்டுக்கும் நடுவில் நசிந்து கிடந்தது. பாரம் இறங்கினால் வயர் விடுபட்டுவிடும், ரப்பரும் மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தடவித் தடவிப் பார்த்தும் அகப்படாத பிழை அதுதான்.

"வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன்.

முதலாளி வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் டோர்ச் அடித்துக் காட்டினேன். கன நேரம் பார்த்தார்.

"இந்த ட்ரெய்லர் இவ்வளவு பாரத்துக்குச் செய்ததில்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து கையைத் தட்டினார். "அப்ப வயரை மேலால கொண்டுபோம்" என்றார். பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குள் போகும்போது திரும்பி, "அவனைக் கை ஆறினாப் பிறகு வரச்சொல்லும்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

லொறிக்கு முழுதாகப் புது வயர் இழுக்க வேண்டியிருந்தது. பகல் வேலை முடிந்து கராச் சத்தம் அடங்கிய பிறகு அதைச் செய்தேன். நானா ஒவ்வொரு மாலையும் வந்து, ஒற்றைக் கையால் வயரின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சில வேளை அவர் குந்தியபடியே தூங்கிப்போவார், வயர் கையிலிருந்து நழுவும். நான் எழுப்புவதில்லை. ட்ரெய்லர் வயரை இம்முறை பலகைத் தளத்துக்குக் கீழே உயரமாகக் கொண்டுபோய், இரும்பைத் தொடும் இடமெல்லாம் பழைய டியூப் ரப்பர் வெட்டிச் சுற்றினேன். பியூஸை மட்டும் முன்பு வைத்த இடத்திலேயே வைத்தேன்.

வேலை முடிந்த ஞாயிறு நான் வீட்டில்தான் இருந்தேன். கடற்கரைக்குப் போவோம் என்று மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது நான் கதிரையிலேயே தூங்கிவிட்டேனாம். எழுப்பாமல் அவள் தனியாகப் போய் வந்தாள்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் நானாவின் லொறியில் வத்தளைவரை போக நேர்ந்தது. பின்னால் ட்ரெய்லர் முன்புபோலவே நிறைந்து, தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. போன கிழமை ஓடு ஏற்றும்போது யாரோ கொக்கியால் இழுத்ததில் பின் வயர் அறுந்ததாகவும், பியூஸ் எரிந்ததாகவும், லொறியின் லைட்டுகள் ஒன்றும் அணையாததால் மெதுவாக வீடு வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். நல்லது என்றேன்.

அவருடைய இடது கை முழுதாக மடங்கவில்லை. கியர் போடும்போது விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையின் அடியால் தள்ளினார். ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் சுளித்தது.

"இன்னும் நோகுதே, நானா?"

"மழை நேரத்துல மட்டும்" என்றார்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாலம் ஏறும்போது அவர் மறுபடி உள்ளங்கையின் அடியால் கியரைத் தள்ளினார்.