கிழித்த ஆறு பக்கங்கள்

1964 நவம்பர் 15, ஞாயிறு, மாலை நாலரை மணி. மாத்தளையில் மூன்றாம் நாளாக மழை. மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த நாவலை எடுத்தேன். முதல் நாற்பது பக்கங்களில் பதினோரு அச்சுப்பிழைகள். முணுமுணுத்துக்கொண்டே படித்தேன்.

நூற்றுப் பதினொன்றாம் பக்கத்துக்கு வந்தேன். ஒரு பெண் தான் பெற்ற மகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் சித்தியாக வாழ்கிறாள். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். என் மகளைப் பெற்றவள், என் மனைவியின் கல்யாணமாகாத தங்கை. இருபத்திரண்டு வருஷம் மறைத்தோம். நான்கு மாதத்துக்கு முன் அவள் இறந்துபோனாள்.

மகள் படித்துவிடக் கூடாதென்று ஆறு பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பின்னால் வந்து நின்ற மகள் கோபப்படவில்லை.

"நான் முந்தியே வாசிச்சிட்டேன்ப்பா. நீங்க வாசிக்கணும்னுதான் மேசையில வச்சேன். சித்தி சாகுறதுக்கு முந்தின நாளே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வாய்க்கரிசி போட என்னை ஒன்பதாவதா நிக்க வச்சீங்க."

பெற்ற பிள்ளைதான் முதலில் போட வேண்டும். அன்று ஆட்களை எண்ணி வரிசையில் நிறுத்தியவன் நான். அதை இனித் திருத்த வழியில்லை. நூலகத்துக்குப் புத்தகத்தின் விலையை மட்டும் கட்டினேன்: மூன்று ரூபாய் ஐம்பது சதம்.