சங்கிலிக்கும் மிஷினுக்கும் நடந்த வழக்கு

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்த பரசுராமன், ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு, எழுபத்தாறில் சென்னைக் கடலோரத்தில் ஆழம் அளக்கும் சர்வே படகு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். செய்தி கேட்டதும் மாமனார் எல்லப்பன் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

“நீச்சல் தெரியுங்களா மாப்ள?”

“தெரியாது மாமா.”

“நாளெல்லாம் படகுல குந்திகினு இருந்தா மயக்கம் வரும்ன்றாங்களே?”

“இதுவரைக்கும் வாந்திதான் வந்திருக்கு.”

உண்மையைச் சொன்னதற்காக மனைவி தேவகி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

படகின் அடியிலிருந்து மிஷின் ஒலியை அனுப்பும். அது கடல்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் காகிதத்தில் கோடாக இழுக்கும். மிஷின் சொல்வது நிஜந்தானா என்று பார்ப்பது பரசுராமன் பொறுப்பு. காலையில், மீட்டருக்கு ஒரு பித்தளை வில்லை கோத்த சங்கிலியில் இரும்புத் தகட்டைக் கட்டி மிஷினுக்கு நேர் கீழே இறக்குவான். பத்தாவது வில்லை வரை இறக்கினால் மிஷினும் பத்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருகி அதை வழிக்குக் கொண்டுவருவான்.

எழுபத்தொன்பது மாசியில் இரண்டுக்கும் அரை அடி சண்டை வந்தது; மிஷின் அரை அடி குறைத்துக் காட்டியது.

“மிஷின் பொய் சொல்லுது சார்” என்றான், சர்வே அதிகாரி ராமதாஸிடம். அவரும் நம்பினார். திருகு திரும்பியது, ஒரு மாதம் வேலை நடந்தது. ஆனாலும் பரசுராமனுக்கு மனசு ஆறவில்லை. நச்சரித்து, பம்பாயிலிருந்து புது மிஷின் வரவழைத்தான். வந்த அன்றே அதுவும் அதே அரை அடிப் பொய்யைச் சொன்னது.

அப்போதுதான் சங்கிலியைத் துறைமுக மேடையில் நீட்டிப்போட்டு டேப்பை வைத்தான். அரை அடி குறைந்தது. தை மாதம் சுக்கானில் சிக்கி அறுந்ததை, வாந்திக்கு நடுவே அவனே கோத்திருந்தான்; நசுங்கிய கண்ணிகளை அவன் கையாலேயே கடலில் வீசியிருந்தான். ஆக, ஒரு மாதமாக எழுதிய ஆழமெல்லாம் இருப்பதைவிட அரை அடி கூடுதல். அதை நம்பி ஒரு கப்பல் உள்ளே வந்திருந்தால்? டேப்பைக்கூடச் சுருட்டாமல் ராமதாஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

ராமதாஸ் கேட்டுவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

“வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“இப்ப உங்களுக்குத் தெரியும் சார்.”

ஒரு மாத வேலையையும் முதலிலிருந்து செய்தார்கள். பரசுராமன் மெமோவை எதிர்பார்த்து இருந்தான். வந்தது பதவி உயர்வு. சொந்தத் தப்பையே கண்டுபிடிப்பவன் அடுத்தவர் தப்பை விடுவானா என்று, எல்லாப் படகுகளின் கணக்கையும் சரிபார்க்க ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆடாத நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி.

“நம்ம மாப்ள கடல அளந்து முடிச்சுட்டாரு” என்று எல்லப்பன் ஆரணிக் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பரசுராமன் மறுக்கவில்லை.

அவனுடைய இடத்துக்கு வந்தவன் சின்னதுரை. ஒரு நாளும் தப்பு செய்யாதவன். எண்பத்தெட்டிலும் அதே படகில்தான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.